மெத்தைக்காரர் வீட்டு வருமானம்

செஞ்சி கடலை மண்டிக்கு மல்லாட்டை உடைக்கப் போகிற பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டே நடப்பார்கள். பக்ருன்னிசா மட்டும் போகும்போதும் ஓட்டம், வரும்போதும் ஓட்டம். "இன்னாடி நிசா, வூட்டுல உலை பொங்குதா?" என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். உலை பொங்கினால் அடுப்பு அணையும், அவ்வளவுதானே. அவள் வீட்டில் விட்டுவிட்டு வந்தது ஏழு வயசுப் பெண் பிள்ளையை.

பிள்ளை பேர் தில்ஷாத். பிறந்தபோது மூக்கும் முழியுமாக இருந்தது. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அது நடந்து யாரும் பார்க்கவில்லை, ஓட்டம்தான். வாயில் வைத்த சோற்றை விழுங்குவதற்குள் எழுந்து போய்விடும். இரண்டாம் வகுப்பில் வாத்தியாரம்மா கேட்கிற கணக்குக்கு வாயால் பதில் சொல்லிவிடும், சிலேட்டில் ஒரு வரி முழுசாக எழுதாது. பேசுகிறவர் பேச்சை முடிக்க விடாது. சுவர் மேல் ஏறும், அடுத்த வீட்டு ஆட்டுப் பட்டியைத் திறந்துவிடும். ஒருநாள் திருவண்ணாமலை பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றது. டிரைவர் இறங்கி வந்து பக்ருன்னிசாவைத் திட்டிய திட்டு அந்தத் தெருவுக்கே கேட்டது. அதே பிள்ளை, அன்றைக்கு மறுநாளும் அதே ரோட்டில் அதே மாதிரி ஓடியது.

பக்ருன்னிசாவின் பிறந்த ஊர் வளத்தி. அவள் பெரியத்தா மகளைக் கட்டியவருடைய தம்பி முறைதான் சைபுதீன். அந்த வழியில் வந்த சம்பந்தம். அவர் மெத்தை தைக்கிறவர். இலவம்பஞ்சை அடித்து உதறி, கல்யாண வீட்டிலேயே உட்கார்ந்து மெத்தையும் தலையணையும் தைத்துக் கொடுப்பார். தை பிறந்தால் வைகாசி வரைக்கும் கை ஓயாது, நாளைக்குப் பன்னிரண்டு ரூபாய்கூட வரும். ஆடி வந்தால் ஒன்றும் இல்லை. மழை இறங்கினால் பஞ்சு நமத்துவிடும், அப்போது சைக்கிளில் ஊர் ஊராகப் பழைய தலையணை பிரித்துத் தைக்கக் கூவிக்கொண்டு போவார், வெறுங்கையோடு திரும்புகிற நாள்தான் அதிகம். அந்த நாட்களில் வீட்டுக்கு அரிசி வாங்கியது பக்ருன்னிசாவின் மண்டிக் கூலி, நாளைக்கு மூன்று, மூன்றரை.

அவள் மண்டிக்குப் போன நேரத்தில் பிள்ளையைப் பார்க்கிறது சைபுதீனுடைய தங்கச்சி ஜாஹிதா பேகம். இருபது வயசு. அவளும் எவ்வளவுதான் பின்னால் ஓடுவாள்? பழைய சேலையைக் கிழித்துப் பிள்ளையின் காலை ஜன்னல் கம்பியோடு கட்டிப் போடுவாள். சாயங்காலம் பக்ருன்னிசா வந்து அவிழ்த்துவிட்டு, கணுக்காலில் சிவந்திருக்கிற இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவாள். நாத்தனாரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கட்டாவிட்டால் பஸ்.

தர்காவில் மந்திரித்த கயிறு, மாரியம்மன் கோயில் பூசாரி கட்டின கயிறு என்று பிள்ளையின் கையில் ஐந்தாறு நிறத்தில் கயிறு இருந்தது. எண்பத்தாறாம் வருஷம் சித்திரையில் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விட்ட அன்று, வாத்தியாரம்மா பக்ருன்னிசாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஜூன்ல இவள அனுப்பாதம்மா. நாப்பது புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறதா, இவ ஒருத்தி பின்னாடி ஓடுறதா? வைத்தியம் பாத்துக் கூட்டிக்கினு வா, சேத்துக்குறேன்."

எந்த வைத்தியம், யாரிடம்? அதைச் சொன்னது மேல்சித்தாமூர் நயினார் வீட்டு அம்மா. சைபுதீன் அங்கே கல்யாண மெத்தை தைக்கப் போனபோது மதியச் சோறு கொண்டுபோன பக்ருன்னிசாவின் கூட வந்த பிள்ளை, அரை நாழிகையில் இரண்டு மூட்டைப் பஞ்சைக் கூடமெல்லாம் பறக்கவிட்டது. அந்த அம்மா கோபிக்கவில்லை. "எங்க அண்ணன் புள்ள இப்படித்தான் இருந்தான்" என்று சொல்லி, பாண்டிச்சேரியில் ஒரு தரும ஆஸ்பத்திரி விலாசத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்.

அங்கே இருந்தது ஒரு லேடி டாக்டர். ஒரு மணி நேரம் பிள்ளையோடு விளையாடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இது பைத்தியம் இல்லம்மா. புத்திக்கும் ஒரு கொறையும் இல்ல. மனசு ஒண்ணுல நிக்க மாட்டேங்குது, அதான் நோவு. நீ வளத்த வளப்புல வந்ததும் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் பக்ருன்னிசா வாய்விட்டு அழுதாள். ஏழு வருஷமாக அதற்கு எதிரான வார்த்தையைத்தான் எல்லாரும் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"மாத்திரை கொஞ்சம், பழக்கம் நெறைய. பத்து செவ்வாக்கெழமை வரணும். புள்ளைய எப்படி உக்கார வைக்கறது, எப்படி ஒரு வேலைய முடிக்க வைக்கறதுன்னு ஒனக்குச் சொல்லித் தருவோம். ஜூலை மொத செவ்வா ஆரம்பம். அத வுட்டா அடுத்து தை மாசம்தான்."

வெளியே மேஜையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, மாசம் ஐந்நூறுக்குக் கீழ் வருமானம் இருந்தால் எல்லாம் இலவசம் என்றார். மேலே போனால் ஒரு செவ்வாய்க்கு முப்பத்தைந்து ரூபாய், மாத்திரை தனி.

"மாச வருமானம் எவ்ளோம்மா?"

"எந்த மாசங்க?"

குமாஸ்தா சிரித்துவிட்டார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. தாலுகா ஆபீஸ்ல சர்ட்டிபிகேட் வாங்கிக்கினு வா."

திரும்பி வந்து சைபுதீனிடம் சொன்னாள். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார், கோத்து முடித்தும் ஊசியைத் துணியில் குத்தவில்லை.

"மனசு டாக்டரா?"

"புள்ளைங்க டாக்டருதாங்க. பைத்தியம் இல்லன்னு அவங்களே சொல்றாங்க."

"அவங்க சொல்வாங்க. அவலூர்பேட்டையில சொல்லுவாங்களா?"

அவலூர்பேட்டை என்றால் ஜாஹிதாவுக்கு வந்திருந்த இடம். சாந்த் பாஷா என்கிறவர், ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவருடைய இரண்டாவது பையனுக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெருநாள் கழித்து நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு வந்திருந்தது. தகப்பன் இல்லாத பெண், அதற்கு முன்னால் மூன்று இடம் வந்து தட்டிப் போயிருந்தது.

"கயிறு கட்டுறது ஊருக்கே தெரியும், அது பரவால்ல" என்றார் சைபுதீன். "வூட்டுல ஒரு புள்ளைக்கு மனசு டாக்டருன்னு தெரிஞ்சா எம் தங்கச்சி கத முடிஞ்சிபோச்சு. சர்ட்டிபிகேட் வாங்கிக்கோ, வேணாங்கல. ஆனா யாராண்டயும் மூச்சு வுடாத. அந்த அம்மாக்கண்ணுவாண்டகூட."

அம்மாக்கண்ணு பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர். அந்தச் சுவர் வழியாகக் குழம்பும் போகும், வம்பும் போகும், அடுப்புக்கு நெருப்பும் போகும். அவளிடம் மறைத்துப் பக்ருன்னிசாவுக்குப் பழக்கமே இல்லை. பாண்டிச்சேரிக்கு ஏன் போனாய் என்று கேட்டபோது, "சின்னம்மா மருமவளுக்குப் பிரசவம்க்கா" என்றாள்.

"எந்தச் சின்னம்மா? வளத்திக்காரியா, ஆரணிக்காரியா? வளத்திக்காரிக்கு ரெண்டும் பொண்ணாச்சே, மருமவ எங்கேர்ந்து வந்தா?"

"ஆரணிக்காரிக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சர்ட்டிபிகேட்டுக்குத் தாலுகா ஆபீஸில் மனு எழுதிக் கொடுத்தது சித்திரை கடைசி. வைகாசியில் நோன்பு மாசம் வந்தது. வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் மண்டியில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துவிட்டு, நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஓடி வருவாள். அப்படி ஒருநாள் வரும்போது அம்மாக்கண்ணு சுவரோரம் காத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏ நிசா, இங்க வா. கஞ்சிய அப்பறம் காச்சலாம். அவலூர்பேட்டைக்காரங்க ஆள் அனுப்பியிருந்தாங்க!"

இந்தப் பக்கத்தில் எந்தச் சாதியானாலும், எந்த மதமானாலும் அது ஒரு வழக்கம். சம்பந்தம் பேசி முடிக்கிறதுக்கு முன்னால், முகம் தெரியாத ஓர் ஆளை அனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். வருகிறவன் தான் யார் என்று சொல்ல மாட்டான். சொல்கிறவளும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் ஒன்றுக்கு நாலாகத் தூக்கிச் சொல்ல வேண்டியது பக்கத்து வீட்டுக் கடமை. அம்மாக்கண்ணு மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பக்ருன்னிசா அப்படித்தான் சொன்னாள். மூன்று ஆட்டைப் பத்தாக்கினாள், எதிர்த்துப் பேசுகிற பெண்ணுக்கு வாயில்லை என்றாள். அந்தப் பெண் இப்போது தீவனூரில் இரண்டு பிள்ளையோடு இருக்கிறது. அந்த நன்றி அம்மாக்கண்ணுவுக்கு நெஞ்சு நிறைய இருந்தது.

"ஜாஹிதா உள்ள படுத்திருந்தா. நான்தான் வாசல்ல நின்னேன். நல்ல ஆளு, வெள்ளச் சட்ட. மெத்தக்கார பாய் வூடு இதானான்னு கேட்டான். நான் ஒடனே புரிஞ்சிக்கினேன். வருமானம்லாம் எப்படின்னான். எப்படின்னா இன்னாய்யா, மாசம் ஆயிரத்து எரநூறுக்குக் கொறையாதுன்னேன்."

"ஆயிரத்து எரநூறா?"

"கம்மியா சொல்லிட்டனா? அந்த ஆளு பஞ்சு மூட்டைங்களப் பாத்தான். எல்லாம் அவங்களுதுதான், கடை வச்சிருக்காங்கன்னேன். திண்டிவனத்து யாவாரி எறக்கி வச்சுட்டுப் போனதுன்னு நான் எதுக்குச் சொல்லப் போறேன்? காணி இருக்குதான்னான். தொண்டூர்ல ஒன்ற காணி, கெணத்துப் பாசனம்னேன்."

பக்ருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. சைபுதீனுக்குத் தொண்டூர் தெரிந்ததே சைக்கிளில் கூவிக்கொண்டு போன வகையில்தான்.

"அப்பறம் கேளு. அந்த வூட்டுல ஒரு புள்ளைக்கு ஒடம்பு சரியில்லையாமேன்னு கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. யாரு சொன்ன பொய்யி, கிளி மாரி புள்ள, உக்காந்தா உக்காந்த எடம், வெச்சா வெச்ச எடம்னேன். அந்த நேரம் பாத்து நம்ம தில்லு கட்ட அவுத்துக்கினு வந்து நடுச் சொவத்து மேல ஏறிக் குதிக்குது! அது யாருன்னான். எதுத்த வூட்டுப் புள்ளைய்யா, அதுக்குதான் கொஞ்சம் வாலு ஜாஸ்தின்னுட்டேன். எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கினான், என்னாண்ட கைநாட்டு கேட்டான், வச்சுட்டேன்."

பக்ருன்னிசாவின் சிரிப்பு நின்றது.

"நோட்டா?"

"ஆமா. கக்கத்துல வச்சிருந்தான்."

"பொண்ணு விசாரிக்க வர்றவன் எதுக்குக்கா எழுதறான்? கைநாட்டு எதுக்கு?"

"ஜவுளிக்கடக்காரங்க இல்ல? எழுதி வச்சுக்குவாங்க போல."

பக்ருன்னிசா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நோன்பு மயக்கம் என்று நினைத்து அம்மாக்கண்ணு தண்ணீர் கொண்டுவர ஓடினாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற வரைக்கும் பக்ருன்னிசா அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. பாங்கு சொன்ன பிறகும் தொடவில்லை. சைபுதீனுக்குக் கொடுத்த வாக்கை மறந்து, பாண்டிச்சேரியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சுவர் வழியாகவே சொல்லி அழுதாள். வந்தவன் அரிகிருஷ்ணன். சர்ட்டிபிகேட் மனுவுக்காக விசாரிக்க வந்தவன், புதுசாக மாற்றலாகி வந்திருந்த தலையாரி. அந்தத் தெருவில் யாருக்கும் அவன் முகம் தெரியாது.

அம்மாக்கண்ணு வாயில் அடித்துக்கொண்டாள். "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கஞ்சிக்கில்லாத குடும்பம்னு கண்ணீர் வுட்டிருப்பேனேடி! ஒன் சின்னம்மா மருமவளப் பெத்துப்போட வெச்சியே, என்னாண்ட உண்மையச் சொன்னா இன்னா கொறஞ்சிபோச்சு?"

பக்ருன்னிசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சப் போனாள்.

சர்ட்டிபிகேட் பத்து நாளில் வந்தது. மாத வருமானம் ஆயிரத்து இருநூறு. பிள்ளைக்கு நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. சீல் போட்டு, கையெழுத்துப் போட்டு. எழுதினவர்கள் மேல் என்ன குற்றம்? கேட்டதை எழுதினார்கள். தாலுகா ஆபீஸில் இருந்த ஒரு குமாஸ்தா இரக்கப்பட்டு வழி சொன்னார். "ஜமாபந்தி வருதும்மா. பெரிய அதிகாரி நேர்ல ஒக்காருவாரு. அங்க மனு குடு. நீயே நின்னு வாயால சொல்லணும்."

சைபுதீன் வேண்டாம் என்றார். ஜமாபந்தி என்றால் ஊர் உலகமே கூடும். மனுவை உரக்கப் படிப்பார்கள். "நிக்காஹ் முடியட்டும். ஒரு மாசம். அதுக்கப்பறம் நீ மைக் போட்டுச் சொல்லு."

"ஒரு மாசம் போனா தை மாசம்ங்கறாங்க. அதுக்குள்ள இவ பஸ்ஸுல அடிபட்டா?"

"இத்தினி நாளு அடிபட்டாளா?"

அந்த வார்த்தையைச் சொன்னதும் அவர் பார்வை பிள்ளைமேல் போனது. பிள்ளை அப்போது அவர் அடித்து வைத்த பஞ்சுக் குவியலின் மேல் குதித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஜாஹிதா அடுப்படியில் இருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டது. அவள் திரும்பவே இல்லை, மாவு பிசைந்துகொண்டே இருந்தாள்.

பெருநாள் முடிந்த மறுவாரம் ஜமாபந்தி. விடுமுறை ஒன்று நடுவில் விழுந்ததால் செஞ்சி பிர்க்கா ஊர்களுக்கும் அவலூர்பேட்டை பிர்க்கா ஊர்களுக்கும் ஒரே நாளில் வைத்துவிட்டார்கள். பக்ருன்னிசா மண்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பிள்ளையின் மணிக்கட்டைத் தன் முந்தானையோடு முடிந்து கூட்டிப் போனாள். தாலுகா ஆபீஸ் வளாகத்தில் பந்தல் போட்டிருந்தது. பட்டா கேட்கிறவர்கள், ஏரிக்கால்வாய் தகராறுக்காரர்கள், பென்ஷன் கிழவிகள் என்று நிற்க இடமில்லை. அவளுக்கு முன்னால் முப்பது பேராவது இருந்தார்கள். பிள்ளை வேலி தாண்டிய கன்றுக்குட்டி மாதிரி இழுத்தது. ஒரு கிழவியின் வெற்றிலைப் பையைத் தட்டிவிட்டது. ஒருத்தர் குடையைப் பிடுங்கியது. "இன்னாம்மா புள்ள வளத்திருக்க?" என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது.

"சலாம் தங்கச்சி. நீங்க எங்க இங்க?"

சாந்த் பாஷா. வெள்ளை வேட்டி, தொப்பி, கையில் ஒரு பட்டாப் புத்தகம். பக்ருன்னிசா மனுவை மடித்துக்கொண்டாள். ஒருவழியாகச் சலாம் சொன்னாள்.

"மச்சான் வரலியா?"

"வேலைக்குப் போயிருக்காருங்க. சின்ன மனு ஒண்ணு."

"இதுக்குப் போயி நீங்க வெயில்ல நிக்கணுமா? புள்ளைய வேற வச்சுக்கினு. அங்க ஒக்காந்துருக்குற தனசேகரன் நம்ம கடையில துணி எடுக்குற குமாஸ்தா. குடுங்க அந்த மனுவ, முன்னாடி வைக்கச் சொல்றேன். நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணாவப் போறவங்க."

கையை நீட்டினார்.

அவள் மனுவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இல்லை அண்ணே, நானே கொடுத்துக்கிறேன் என்று சொன்னால் போதும். அவர் போய்விடுவார், அவருடைய வேலை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். ஆனால் முப்பது பேர். மத்தியானம் அதிகாரி எழுந்துவிட்டால் அவ்வளவுதான், செஞ்சி பிர்க்காவுக்கு மறுநாள் கிடையாது. முந்தானை வெடுக்கென்று இழுபட்டது. பிள்ளை முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தது. ஜாஹிதா மாவு பிசைந்த கை கண்ணுக்கு வந்தது. வாசலில் இருந்த ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

மனுவை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

தனசேகரன் அதை முன்னால் வைத்தார். பேர் கூப்பிட்டார்கள். சாந்த் பாஷா மரியாதைக்காக அவள் பக்கத்திலேயே வந்து நின்றார். நம் வீட்டுப் பெண் தனியாக நிற்கிறாளே என்று. தனசேகரன் உரக்கப் படித்தார். மெத்தை தைக்கும் கூலித் தொழிலாளி மனைவி. நிலபுலன் எதுவும் இல்லை. மகளின் மனநிலைச் சிகிச்சைக்காக.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பழைய காகிதத்தைப் பார்த்தார். "ஆயிரத்து எரநூறுன்னு இருக்குது. சொந்தமா பஞ்சுக் கடை. தொண்டூர்ல ஒன்றரைக் காணி. அண்டை வீட்டார் சாட்சி. இப்ப ஒண்ணும் இல்லங்கறியே, எது பொய்?"

"அது பொய்ங்க."

"சாட்சி சொன்னவங்க எதுக்குப் பொய் சொல்லணும்?"

அம்மாக்கண்ணுவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. "எங்க மேல இருக்குற பிரியத்துல சொல்லிட்டாங்க சாமி. பஞ்சு யாவாரியுது. வூடு வாடகை. அவருக்கு வேல இருந்தா சோறு, இல்லன்னா நான் மல்லாட்ட ஒடைக்கற கூலி. ரெண்டும் சேந்து மாசம் நானூறு வந்தா அது நல்ல மாசம்."

சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற வெள்ளை வேட்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்வது அவளுக்குத் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"புள்ளைக்கு இன்னா நோவு? நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்குதே."

பக்ருன்னிசா பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பிள்ளை மேஜைக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் ஏறி, கட்டுக்கட்டாக வைத்திருந்த காகிதத்தின் மேல் கால் வைத்து, மைக்கூட்டைத் தட்டிவிட்டு, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற ஆரம்பித்தது. பியூன்கள் கத்தினார்கள். பாதிக் கூட்டம் சிரித்தது. எட்டிப் பிடித்து இறக்கியது சாந்த் பாஷாதான். அவருடைய வெள்ளைச் சட்டையில் ஐந்து விரல் மை.

அதிகாரி பிள்ளையைப் பார்த்தார், அப்புறம் ஆயிரத்து இருநூறை அடித்துவிட்டு நானூறு என்று எழுதினார்.

சாந்த் பாஷா பிள்ளையைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பாள். மெதுவாகத்தான் பேசினார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி."

முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் வாசல் மிதித்திருக்கவே மாட்டார். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை, அந்தச் சம்பந்தத்தைப் பேசிவந்த தரகர் ஜான் பாஷா வந்தார். காப்பி குடித்தார். பையன் இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்கிறான் என்றார். சைபுதீன் அதற்கு முன்னாலேயே தெருவில் கேள்விப்பட்டிருந்தார். பக்ருன்னிசாவை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மூன்று நாள் அவள் வைத்த சோற்றைச் சாப்பிடாமல் டீக்கடையில் பன் தின்றுவிட்டு வந்தார். நாலாம் நாள் பசியில் வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவருடைய சண்டை. ஜாஹிதா ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா அண்ணி?"

பக்ருன்னிசா காரணத்தைச் சொல்ல வாயெடுத்தாள். ஜாஹிதா கேட்க நிற்கவில்லை.

ஜூலை முதல் செவ்வாய் பாண்டிச்சேரிக்குப் போனாள். குமாஸ்தா சர்ட்டிபிகேட்டைப் பார்த்து அட்டை போட்டுக் கொடுத்தார். மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது செவ்வாய், மூன்றாவது செவ்வாய். டாக்டரம்மா சொன்னதைப் பக்ருன்னிசா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்தாள். ஒரே ஒரு வேலை கொடு, சின்னதாகக் கொடு, முடித்தால் உடனே தட்டிக்கொடு. கட்டிப் போடாதே. தினம் நாலு தடவை, விடாமல்.

"பகல்ல புள்ளைய யாரு பாக்கறது?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"நாத்தனாருங்க."

"அப்ப அவங்களயும் கூட்டிக்கினு வா. அவங்க கத்துக்கிட்டாதான் ஆவும்."

வீட்டுக்கு வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஜாஹிதாவின் எதிரில் உட்கார்ந்து கேட்டாள். கெஞ்சித்தான் கேட்டாள்.

"என்னால ஆவாது அண்ணி" என்றாள் ஜாஹிதா. குரலை உயர்த்தவில்லை. "அவ மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா தெனம் அவ மூஞ்சியப் பாத்துக்கினு கைதட்ட என்னால ஆவாது. கட்டிப் போடச் சொல்லு, போடறேன். அதுக்கு மேல கேக்காத."

நியாயம் அவள் பக்கமும் இருந்தது. பக்ருன்னிசா மறுநாள் மண்டிக்குப் போய்க் கங்காணியிடம் மல்லாட்டை மூட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கேட்டாள். மண்டிச் சரக்கு வெளியே போகாது என்றுவிட்டார். பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது, அத்தோடு மண்டி வேலை நின்றது. ஆடி பிறந்துவிட்டது, சைபுதீனுக்கும் வேலை இல்லை. ஆபீஸில் நானூறு என்று சொல்லிவிட்டு வந்தாளே, அந்த மாசம் வீட்டுக்கு வந்தது நூற்றுப் பத்து. சுவர் வழியாக அம்மாக்கண்ணு அரிசி கொடுத்தாள். கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் அழுதாள், அந்த அழுகையைத் தேற்றுவது பக்ருன்னிசாவுக்குத் தனி வேலையாக இருந்தது.

இலவங்காயிலிருந்து கொட்டை பிரிக்கிறதைத்தான் பிள்ளைக்கு வேலையாகக் கொடுத்தாள். ஒரு காய். பிரித்து, கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். முதல் நாள் பஞ்சு பறந்தது, கிண்ணம் பறந்தது. பத்தாம் நாள் அரைக் காய். ஆறாவது செவ்வாய்க்கு முந்தின நாள், ஒரு காய் முழுசாக முடிந்தது. பக்ருன்னிசா கைதட்டினாள். அந்தச் சத்தத்துக்கு அடுப்படியிலிருந்து ஜாஹிதா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு குடும்மா" என்றது தில்ஷாத்.

அவள் மூட்டையிலிருந்து இன்னொரு காயை எடுத்துத் திரும்புவதற்குள் இடம் காலியாக இருந்தது. வாசல் கதவு ஆடிக்கொண்டிருந்தது. பக்ருன்னிசா காயைப் போட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் ஓடினாள்.